சீமாட்டிக்குக் கொடுத்த முகம்

எங்கள் அலுவலகத்தில் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடும் வழக்கமில்லை. பேச்சுக் குமிழிகளுக்குள் வசனம் எழுதுவது என் வேலை. அதனால் நான் 'பலூன்'. கதை எழுதுபவர் கதைக்காரர். படம் வரைந்தவருக்கு நகக்கண்ணில் கருப்பு மை எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால் அவர் எல்லோருக்கும் மையக்கா. அவரைவிட வயதில் மூத்த முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நாங்கள் போட்டது ரத்தம் குடிக்கும் காட்டேரிகளைப் பற்றிய சித்திர நாவல்கள். இடிந்த மாளிகை, ஈரம் கசியும் சுவர், கல்லறை, மோகம், பழி. அட்டையிலேயே 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று சிவப்பில் இருக்கும். அப்படியும் படக்கதைதானே என்று பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் கொதித்துப்போய் மாடியேறி வந்து கத்தியவர்கள் உண்டு. குளியலறைச் சாமான் விற்கும் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். வரிசையாக நிற்கும் வெள்ளைப் பீங்கான் தொட்டிகளைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

மையக்கா இதற்கு முன்னால் பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டவர். தவளையின் இதயம், பூவின் குறுக்குவெட்டு, மனிதக் காது. "காது வரைஞ்சு வரைஞ்சு என் காதே மரத்துப்போச்சு" என்பார். எங்களிடம் வந்த பிறகுதான் அவருக்குள் இருந்த வேறொரு ஆள் வெளியே வந்தாள். இருட்டை அவர் போல வரைய யாராலும் முடியாது. மற்றவர்கள் மை பூசிய இடம் வெறும் கருப்பாக இருக்கும். அக்கா பூசிய கருப்புக்குள் யாரோ நிற்கிறார்கள் என்று தோன்றும்.

வீட்டில் அவரும் அம்மாவும் தங்கையும். அப்பா போனபோது தங்கைக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயசு. அதன்பிறகு அவளைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, படிக்க வைத்தது எல்லாம் அக்கா. தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. யாராவது கேட்டால், "அதான் ஒண்ணை வளர்த்தாச்சே" என்று சிரித்து மழுப்பிவிடுவார். தங்கையைச் 'சின்னவ' என்பார். நாங்களும் சின்னவள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவள் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர்.

கதைக்காரர் சீமாட்டியின் கதையைக் கொண்டுவந்தது அந்தச் சமயத்தில்தான். சீமாட்டி, பெரிய மாளிகையில் தனியாக வாழும் ஒரு விதவை. இறந்துபோன கணவன் காட்டேரியாகத் திரும்பி வந்து அவளையும் தன்னைப்போல் ஆக்கிவிடுகிறான். அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். ஆனால் அவன் கொடுத்த பசி அவளோடு தங்கிவிடுகிறது. அந்த விதவைக்கு ஒரு முகம் வேண்டும். அக்கா வரைந்து வரைந்து காட்டினார். முதலாளி உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார்.

"பாத்தா பயமாத்தான் இருக்கு. ஆனா பாவமா இல்லையேக்கா. ரெண்டும் ஒரே மூஞ்சியில வேணும்."

ஒருநாள் மத்தியானம் சின்னவள் அலுவலகத்துக்கு வந்தாள். வீட்டுச் சாவியை மறந்துவிட்டாளாம். பள்ளியில் ஏதோ மனக்கசப்பு. ஜன்னலோரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, முகவாயில் கையை முட்டுக்கொடுத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சாவியை எடுத்துக் கொடுக்கவில்லை. "அப்படியே இருடி, அசையாதே" என்று பென்சிலை எடுத்தார்.

வரைந்து முடித்ததை நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சீமாட்டி வந்துவிட்டாள்.

சின்னவள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயையோ, நானா காட்டேரி? என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு? அதை மட்டும் குறைச்சுடுக்கா."

"மூக்கைக் குறைச்சா முகமே போயிடும்டி."

"சரி போ. செத்த பிறகாவது பேரழகியா இருக்கேனே, அதுபோதும்."

முதல் புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாவது அதைவிட. கழுத்துவரை பொத்தான் போட்ட கருப்பு அங்கியில், மாடிப்படியில் விளக்கோடு நிற்கும் சீமாட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. சின்னவளுக்கு அப்போது பெருமைதான். சக டீச்சர்களிடம் தானே காட்டியிருக்கிறாள். கல்யாணம் பேசி முடித்தபோது மாப்பிள்ளைக்கும் காட்டினாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார், கலகலப்பான மனுஷன். "நான் காட்டேரியைக் கட்டிக்கிட்டவன், என்கிட்ட ஜாக்கிரதையா ஓட்டுங்க" என்று கற்க வருபவர்களிடம் சொல்வாராம்.

மூன்றாவது புத்தகத்தில் சீமாட்டிக்கு ஒரு காதலன் வந்தான். கதைக்கு அது தேவையாகத்தான் இருந்தது. கொல்லாமல் ஒருவனைத் தொட முடியுமா என்று அவள் முயன்று பார்க்கிறாள், முடியவில்லை. அந்தப் படுக்கையறைக் காட்சி பல பக்கங்களுக்கு நீளும். கதைக்காரர் கூச்சத்தோடுதான் எழுதிக் கொடுத்தார். அக்கா கூச்சப்படவில்லை. அவருக்கு அது உடம்பு, நிழல், வெளிச்சம், அவ்வளவுதான். தவளையின் இதயத்தை வரைந்தது மாதிரியே வரைந்தார். முகம் சீமாட்டியின் முகம். மற்றதெல்லாம் கற்பனை, ஒன்றைத் தவிர. இடது தோளுக்குக் கீழே, இலை மாதிரி விரிந்த ஒரு தழும்பு.

சின்னவள் குழந்தையாக இருந்தபோது அக்கா கொதிக்கும் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்து தடுக்கி விழுந்திருக்கிறார். அந்தத் தழும்பு அப்போது வந்தது. அதற்கு மருந்து போட்டு, ஆறுகிறதா என்று தினமும் பார்த்துப் பார்த்து, அது அக்காவின் கைக்கே பாடமாகிவிட்டிருந்தது. யோசித்து வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை. தோள் என்று வந்ததும் கை தானாகப் போட்டுவிட்டது. எங்களில் யாருக்கும் அந்தத் தழும்பைப் பற்றித் தெரியாது. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.

பள்ளியில் ஒரு குழந்தையின் அப்பா அதை வாங்கியிருக்கிறார். அந்தப் பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்து, 'நம்ம டீச்சர் மாதிரி இல்ல?' என்று யாருக்கோ அனுப்பியிருக்கிறார். அது போன் போனாக நடந்து, கடைசியில் டீச்சர்கள் அறைக்கே வந்து சேர்ந்தது. உடை மாற்றும்போது சின்னவளின் தோளைப் பார்த்திருந்த ஒரு டீச்சர் அங்கே இருந்தாள். முகம் தற்செயல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தழும்புக்கு என்ன சொல்வது? அவளே உடையில்லாமல் உட்கார்ந்து காட்டியிருக்கிறாள் என்று முடிவாகிவிட்டது.

தலைமையாசிரியை நல்லவர்தான். "நீங்க எந்தத் தப்பும் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா பெத்தவங்க வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது? கொஞ்ச நாள் லீவு போடுங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

மாப்பிள்ளையும் கெட்டவரல்ல. இந்தக் கதையில் யாராவது ஒரு ஆள் கெட்டவராக இருந்திருந்தால் தேவலையே என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. "எனக்கு உன்மேல சந்தேகம் இல்ல. ஆனா காருல பக்கத்துல வந்து உக்கார்றவன் எல்லாம் உன்னைப் பாத்துட்டு வந்து உக்கார்றான். நான் எங்க பாத்து ஓட்டச் சொல்றது?" என்று மட்டும் கேட்டாராம். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போக ஆரம்பித்தார். பிறகு வாரக்கடைசியில் தன் அப்பா அம்மா வீட்டுக்குப் போனார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார்.

சின்னவள் அம்மா வீட்டுக்கு வந்து, சமையலறையில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் படிக்கட்டில் உட்கார்ந்து அக்கா இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"உனக்கு நான் என்னக்கா கொடுத்தேன்? முகத்தைத்தானே கொடுத்தேன்? உடம்பை எப்போ கொடுத்தேன்?"

"அது உன் உடம்பு இல்லடி. சத்தியமா நான் உன்னை நினைச்சு வரையல."

"நினைக்காமலே வரைஞ்சியா? அப்போ இன்னும் மோசம்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாராம். "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அக்கா நேராக முதலாளியிடம் போனார். நானும் கதைக்காரரும் அறைக்குள் இருந்தோம். "சீமாட்டிக்கு வேற முகம் போட்டுடறேன். பழைய புத்தகத்தையெல்லாம்கூடத் திரும்ப வரைஞ்சு தரேன், கூலியே வேணாம்" என்றார். முதலாளி நிஜமாகவே சங்கடப்பட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஆனால், "முகத்தை மாத்தினா அவ சீமாட்டியே இல்லையேக்கா. படிக்கிறவன் ஒத்துக்குவானா? தழும்பை வேணா அடுத்த பதிப்புல எடுத்துடலாம்" என்றார். தழும்பை எடுத்தார்கள். அதற்குள் அந்தப் பக்கங்கள் பரவாத இடமில்லை.

கதைக்காரர்தான் வேறு வழி சொன்னார். மனுஷன் அந்தக் காட்சியை எழுதியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "கொன்னுடலாம்க்கா. அடுத்த புத்தகத்தோட சீமாட்டியை முடிச்சுடுவோம். வெயில்ல நிறுத்திடுவோம். கதையும் அதைத்தான் கேக்குது." முடிவு என்றால் விற்பனை பிய்த்துக்கொள்ளும் என்று முதலாளியும் தலையாட்டினார்.

அக்காவுக்கு உயிர் வந்தது. அந்த முகம் எரிந்து சாம்பலானால் மக்கள் மறந்துவிடுவார்கள், தங்கைக்கு விடிந்துவிடும் என்று நம்பினார். ஜன்னலோரமாக மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்திலேயே அந்தப் பக்கங்களை வரைந்தார். தன் விருப்பத்தோடு சீமாட்டி கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்கு வருகிறாள். வெயில் அவள்மேல் படுகிறது. பிறகு எரிகிறாள், பக்கம் பக்கமாக, மெதுவாக. வசனமே கிடையாது, எனக்கு அங்கே எழுத ஒரு குமிழிகூட இல்லை. அக்கா தன் வாழ்நாளில் அதைவிட நன்றாக எதையும் வரைந்ததில்லை. அவர் வரைந்துகொண்டே அழுவதை நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தோம். மைமேல் ஈரம் படாமல் முகத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொள்வார்.

புத்தகம் வந்தது. அதுவரை எங்கள் பக்கமே திரும்பாத பெரிய பத்திரிகைகளெல்லாம் எழுதின. முதலாளி விளம்பரத்துக்கு எரியும் முகத்தையே தேர்ந்தெடுத்தார். ஊரெங்கும் ஒட்டினார்கள்.

அக்காவுக்குச் சின்னவளிடமிருந்து போன் வந்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அறை அமைதியாக இருந்ததால் அந்தப் பக்கத்துக் குரலும் கேட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"பாத்தேன்க்கா."

"பாத்தியா? முடிஞ்சுதுடி. இனிமே அவ வரமாட்டா."

"முதல்ல கண் இமை எரியுது. அப்புறம் உதடு. எது எப்படி எரியும்னு நல்லா யோசிச்சு வரைஞ்சிருக்கே."

"உனக்காகத்தான்டி பண்ணினேன்."

"என்னைக் கொளுத்துறதையும் நீயே பண்ணணுமா? பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பா நான் எரிஞ்சுக்கிட்டு நிக்கிறேன். அதுக்குப் பக்கத்துலதான் நான் பஸ்ஸுக்கு நிக்கணும்."

போன் வைத்தாகிவிட்டது. அக்கா அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சீமாட்டி சாம்பலாகவும் இல்லை. வாசகர்கள் அழுது புலம்பி எழுதினார்கள். முதலாளி மனம் மாறினார், அல்லது முதலிலேயே அப்படித்தான் நினைத்திருந்தாரோ என்னவோ. "காட்டேரிதானேக்கா. சாம்பல்லேருந்து எந்திரிச்சு வந்தா யாரு கேக்கப்போறா?" என்றார். அக்கா பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த மாதமே வேறொரு ஓவியர் வந்தார். அக்காவின் பழைய பக்கங்களிலிருந்து முகத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு, விரும்பிய பக்கமெல்லாம் திருப்பினார். சிரிக்க வைத்தார். அக்காவின் சீமாட்டி ஒருமுறைகூடப் பல் தெரியச் சிரித்ததில்லை.

அக்கா வக்கீலிடம் போனார். சேரும்போது கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்தால் படமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். "ஒரே வழிதான் இருக்கு. உங்க தங்கச்சி கோர்ட்டுக்கு வந்து, இது என் முகம்னு சொல்லணும்."

அம்மா மூலமாகக் கேட்டனுப்பினார். பதிலும் அம்மா மூலமாகத்தான் வந்தது. "அந்தப் பக்கத்தையெல்லாம் எல்லார் முன்னாடியும் கையில பிடிச்சுக்கிட்டு, ஆமா, இது நான்தான்னு நானே சொல்லணுமா? வேலை போனப்போகூட நான் அதைச் சொல்லல."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. சின்னவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஏதோ ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை என்று கேள்வி. அம்மாவிடம் மட்டும் பேசுவாள். அக்கா போனை வாங்கினால் வைத்துவிடுவாள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்காதான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். கதைக்காரரும் நானும் இறுதிச் சடங்குக்குப் போனோம். சின்னவளும் வந்திருந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கன்னம் வற்றி எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. போனில் இருக்கும் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இனி யாரும் இவளைச் சீமாட்டி என்று சொல்லமாட்டார்கள். அதற்காகவே பட்டினி கிடந்தாளா, துக்கத்தால் வந்ததா, யார் கேட்பது?

அம்மாவுக்கு நல்ல போட்டோ ஒன்றும் இல்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர். யாரோ ஒரு உறவுக்காரர் விவரம் தெரியாமல், "அதான் வீட்டுலயே கைதேர்ந்த ஆள் இருக்கே. அம்மாவை ஒரு படம் போடும்மா, மாட்டி வைக்கலாம்" என்றார். பேனாவை வைத்ததிலிருந்து அக்கா ஒரு கோடுகூடப் போட்டதில்லை. ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். நெற்றி, காது, தாடை எல்லாம் அம்மாதான். கண்ணுக்கு வந்தபோது கை நின்றது. அழித்தார். திரும்பப் போட்டார். மறுபடி அழித்தார். எத்தனை முறை போட்டாலும் அந்தத் தாளிலிருந்து பார்த்தது சீமாட்டியின் கண்.

சின்னவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். அக்கா நிமிர்ந்து பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாவையாவது விட்டுடுக்கா" என்றாள் சின்னவள். கோபமே இல்லாத குரல். சாயங்கால வண்டிக்கே கிளம்பிப் போய்விட்டாள்.

அக்கா தாளைக் கிழித்தார். வீட்டிலிருந்த தூரிகை, மை, பலகை எல்லாவற்றையும் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டார். இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருக்கிறார். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளைக் கறையுள்ளது, கறையில்லாதது என்று பிரித்துப் போடவேண்டும். பாஷாணம் மாதிரி ஒரு மருந்துத் தண்ணீரில் கை ஊறி ஊறி நகக்கண் வெள்ளையாகிவிட்டது. அங்கே அவரை யாரும் மையக்கா என்று கூப்பிடுவதில்லை.

நான் இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். வீட்டில் சாப்பிடுகிற வாய்கள் இருக்கின்றன. எப்போதாவது அக்காவைப் பார்க்கப் போவேன். போன முறை சலவைக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். தானாகவே சொன்னார்.

"சின்னவ வேலை செய்யற ஊருக்குப் போயிருந்தேன், பலூன்."

"பேசினாளா?"

"இல்ல. அவகிட்ட சொல்லாமத்தான் போனேன். ஒருதரம் பாத்துட்டு வந்துடலாம்னு. கிடங்கு வாசலுக்கு எதிர்ல நின்னேன். வேலை முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்தாங்க. எல்லாரும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி. கூட்டமா வந்தாங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "அவ யாருன்னு எனக்குத் தெரியல."

"தூரமா இருந்திருக்கும்க்கா."

"தூரமெல்லாம் இல்ல. கிட்டத்துலதான் போனாங்க. ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். நான் பழைய முகத்தைத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். வேற எப்படித் தேடறதுன்னு எனக்குத் தெரியல. அவ என்னைப் பாத்துட்டுக் குனிஞ்சு போனாளோ, இல்ல அன்னைக்கு வேலைக்கே வரலையோ. பஸ்ஸெல்லாம் கிளம்பிப் போயிடுச்சு. வாசலைப் பூட்டிட்டாங்க."

மறுபடி போய்ப் பாருங்கள் என்றேன். தலையை ஆட்டினார், போகிறேன் என்றா, மாட்டேன் என்றா தெரியவில்லை. உள்ளேயிருந்து யாரோ, புது மூட்டை வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்கள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்.